பதினொரு கிலோ குறைவு

மூன்று முறை நான் பற்றவைத்த இடம் அது.
புல்டோசரின் இடக்கை,
பிளேடைத் தாங்கும் மூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.
முதல் முறை எட்டு எம்எம் தகடு.
அடுத்தது பன்னிரண்டு.
மூன்றாம் முறை வண்டிக்காரர் தீர்த்தகிரி
"யானை மிதிச்சாலும் அசையக் கூடாதுங்க" என்றார்.
இருபது வைத்தேன்.
அசையவில்லை.
விரிந்தது.

என் வெல்டு விரியவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.
செதில் செதிலாய் அடுக்கியது
கெண்டை முதுகு மாதிரி முழுசாய் இருந்தது.
அதன் கரையோரமாய், தலைமயிர் கனத்தில்
விரிசல் தன் வழியைப் பார்த்துப் போயிருந்தது.

கொண்டலாம்பட்டி தாண்டி பைபாஸ் ஓரம் என் பட்டறை.
லாரி போகிற சத்தத்தில் கூரைத் தகரம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.
டிரெய்லரில் வந்து இறங்கியபோது
வண்டியின் செயினில் மலைச் செம்மண் காயவில்லை.
ஏற்காடு சாலையில், பதினோராம் வளைவில்
ஐப்பசி மழை கொட்டிவிட்டுப் போன பாறைகளை
ஒரு வாரமாய் ஓரந்தள்ளிய வண்டி.

சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து,
வெள்ளைப் பொடியைத் தெளித்தேன்.
செங்கரட்டு வெள்ளைக்கல் மேடுபோல் வெளுத்தது இரும்பு.
பத்து நிமிஷம். ஒரு டீ.
வெள்ளைக்குள்ளிருந்து கசிந்தது ஒரு சிவப்புக் கோடு,
என் தகட்டின் மூலையில் பிறந்து
மூன்று விரற்கடை ஓடி
ஊசிமுனையாய் முடிந்தது.

"பாறை எங்கே இடிக்குது?" என்றேன்.
டிரைவர் அர்த்தனாரி வாயைத் திறக்கவில்லை.
சீட்டில் இருப்பதுபோல் காற்றில் உட்கார்ந்து
இடது இடுப்பைத் திருகிக் காட்டினார்.
பிறகுதான் பேச்சு:
"நேரா இடிச்சா ஒண்ணுமில்லைங்க.
பிளேடு மூலை கல்லுல மாட்டும்.
வண்டி போகும், மூலை நிக்கும்.
முன்னெல்லாம் கை கொஞ்சம் விட்டுக்குடுக்கும்.
நீங்க பிளேட்டு வச்சதுக்கப்புறம்
அந்த முறுக்கு எனக்கு வருது.
ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல."

லீ பஜார் முக்கில் விடிகாலை லாரிகள் நெரிவதுபோல்
வந்த பாரம் மொத்தமும்
என் தகடு முடிகிற கூர்மூலையில் நெரிந்திருக்கிறது.
நான் கனம் கூட்டக் கூட்ட
மூலைதான் குறுகியது.

வெட்டினேன்.
என் வெல்டை நானே வெட்டுவது, என்ன சொல்ல,
சொந்தக் கையெழுத்தை அடிப்பது மாதிரி.
ஊசிமுனைக்கு நேரே ஒரு துளை போட்டேன்.
கூராய் ஓடிவருவது வட்டத்துக்குள் விழுந்தால்
அடுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடும்.
கோட்டைத் தோண்டியெடுத்து, சூடேற்றி, நிரப்பினேன்.

மூலைக்கு
டீ டம்ளரைக் கவிழ்த்து, சாக்பீஸால் வளைவு வரைந்தேன்.
மலைக்குச் சாலை போட்டவன் எங்கும் சட்டென்று மடக்கவில்லை,
பஸ்ஸின் பின்பக்கமும் திரும்ப இடம் விட்டிருக்கிறான்.
அதே சாலையில் உழைக்கும் இரும்புக்கு
மூன்று முறையும் நான் விடவில்லை.

புதுத் தகடு பத்து எம்எம்.
நுனி போகப்போக மெலிந்து, கைக்குள் கரைவதாய்.
வெல்டின் கரையை கிரைண்டரால் நீவி
கீறல்கள் நீளவாக்கில் படுக்கும்படி பார்த்துக்கொண்டேன்.
பந்து மூட்டின் மூடிக்கடியில் இரண்டு ஷிம் சேர்த்தேன்,
பந்து உருள மயிரிழை இடம்.

மூன்று வாரம் கழித்து மலையிலிருந்து போன்.
"லேசா ஆடுதுங்க."
"ஆடட்டும். இடுப்பு?"
அவர் சிரித்தது, டவர் இல்லாமல், பாதிதான் கேட்டது.

பில் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல்.
எடுத்த தகடு பத்தொன்பது கிலோ. வைத்தது எட்டு.
என் பில் புத்தகத்தில்
'சேர்த்த எடை' என்று ஒரு கட்டம் உண்டு,
பதினாறு வருஷமாய் அதில் கழித்தல் குறி விழுந்ததில்லை.
தீர்த்தகிரி கேட்பார்:
இரும்பு குறைஞ்சிருக்கு, காசு எப்படிங்க கூடும்?
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'இடம் விட்ட வகையில்' என்று எழுதி
தொகையைப் போட்டேன்.

பணம் இன்னும் வரவில்லை.
வண்டியும் வரவில்லை.